கதவைத் திறக்க ஆகும் செலவு: பினாங்கில் ஒரு சிறிய காற்பந்துக் கழகம் அரங்கம் எடுத்து நடத்துவது பற்றி

பிறை வட்டாரத்து இளைஞர் காற்பந்துக் கழகம் ஒன்றின் செயலாளர் எழுதிக் கேட்டிருக்கிறார். இதுவரை வீடமைப்புப் பகுதித் திடலில் ஆடிவந்த அவருடைய குழு, அடுத்த பருவத்தில், சூப்பர் லீக்குக்கு அடுத்த நிலையிலுள்ள ஏ1 செமி-புரோ லீக்கில் இடம்பிடிக்க எண்ணுகிறது. அதற்கு வேலியும் பார்வையாளர் இருக்கைகளும் உள்ள ஓர் அரங்கத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். எவ்வளவு பெரிய அரங்கம் எடுப்பது, டிக்கெட் வருமானம் செலவைத் தாங்குமா, ஆட்ட நாளன்று மக்களை, குறிப்பாக வயதானவர்களையும் சக்கர நாற்காலியில் வருபவர்களையும், எப்படி உள்ளே கொண்டுவந்து பத்திரமாக வெளியே அனுப்புவது என்பவை அவருடைய கேள்விகள். மூன்றும் தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும், பல ஆண்டுகள் இந்தத் தீவிலும் பெருநிலத்திலும் ஆட்ட நாள் ஏற்பாடுகளைக் கவனித்தவன் என்ற முறையில், அவை ஒரே கணக்கின் மூன்று வரிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கணக்கின் அலகு இருக்கையோ டிக்கெட்டோ அன்று, ஒரு கதவு. ஒரு கதவைத் திறந்து, அதில் ஆள் நிறுத்தி, அதன் வழியாக மனிதர்களை உள்ளே விட்டு, அதே கதவின் வழியாக அவர்களை வெளியே அனுப்ப என்ன செலவாகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை பின்னால் வரும்.

முதலில் அரங்கத்தின் அளவு. இதற்குப் பினாங்கே ஒரு பாடம். ஜார்ஜ்டவுனில் மாநகர் மன்றத்துக்குச் சொந்தமான நகர அரங்கம் 1932ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. சுமார் 20,000 பேர் கொள்ளும். 2000ஆம் ஆண்டில், மலேசிய மாநிலங்களுக்கிடையிலான சுக்மா விளையாட்டுப் போட்டிக்காகப் பெருநிலத்திலுள்ள பத்து காவானில் 40,000 பேர் கொள்ளும் மாநில அரங்கம் எழுந்தது. புதியது, பெரியது, வாகனம் நிறுத்த இடம் தாராளம். ஆனால் பத்து காவானுக்கு நேராகச் செல்லும் இரண்டாவது பாலம் 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் திறக்கப்பட்டது. அதுவரை தீவிலிருந்து ஆட்டம் பார்க்கப் போகிறவர் 1985இல் திறக்கப்பட்ட முதல் பாலத்தைக் கடந்து பிறையில் இறங்கி, அங்கிருந்து தெற்கே நெடுந்தூரம் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து வருகிறவருக்கு அது ஒரு மாலைப்பொழுதை விழுங்கும் பயணம். மாநிலக் குழு பின்னர் பழைய நகர அரங்கத்துக்கே திரும்பியது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் பகாங்குக்கு எதிராக ஃபாயிஸ் சுப்ரி அடித்த, காற்றில் வளைந்து திசைமாறிய அந்த ஃப்ரீ கிக், அடுத்த ஆண்டு ஜனவரியில் ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதைப் பெற்றதே, அதுவும் அந்தப் பழைய அரங்கத்தில் விழுந்த கோல்தான். நடந்தும் மோட்டார்சைக்கிளிலும் வந்து சேரக்கூடிய அரங்கத்தை மக்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

உங்கள் குழுவுக்கு நல்ல நாளில் 600 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். 40,000 இருக்கைகளில் அது ஒன்றரை விழுக்காடு. வெற்றிருக்கைகளுக்கு நடுவில் ஆடுவது ஆட்டக்காரர்களின் உற்சாகத்தைக் குறைக்கிறது, படத்தைப் பார்க்கும் விளம்பரதாரரும் முகம் சுளிக்கிறார் என்பதெல்லாம் உண்மையே. அதைவிடப் பெரிய உண்மை, பெரிய அரங்கத்துக்கு வாடகை மட்டுமின்றித் துப்புரவு, விளக்கு, காவல், தண்ணீர், கழிவறை என எல்லாமே அதன் உடம்புக்கு ஏற்ற அளவில்தான் செலவாகும். ஆயிரம் முதல் மூவாயிரம் பேர் வரை கொள்ளும், ஒரே ஒரு கூரையுள்ள ஸ்டாண்ட் கொண்ட, பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கக்கூடிய திடல் கிடைத்தால் அதை எடுங்கள். பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் அப்படிப்பட்டது கிடைக்காமல் பெரிய அரங்கமே எடுக்க நேர்ந்தால், ஒரே ஒரு ஸ்டாண்டை மட்டும் பயன்படுத்துவதாக ஒப்பந்தத்திலேயே எழுதி, வாடகையையும் துப்புரவுக் கட்டணத்தையும் அதற்கேற்பக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காதவருக்கு எந்த மன்றமும் தானாகக் குறைத்துக் கொடுத்ததை நான் பார்த்ததில்லை.

ஒப்பந்தத்தில் மேலும் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். மாநில நிகழ்ச்சிக்கோ பள்ளி விளையாட்டுப் போட்டிக்கோ அரங்கம் தேவைப்பட்டால் உங்களை எத்தனை நாள் முன்னதாக மாற்றச் சொல்லலாம் என்பது ஒன்று. மழையாலோ இடியாலோ ஆட்டம் நின்றுபோய் மறுநாள் ஆட நேர்ந்தால் இரண்டாம் நாளுக்கு வாடகை உண்டா என்பது இன்னொன்று. பல கழகங்கள் மறந்துபோவது மூன்றாவதை: கதவுச் சாவிகள் யார் கையில் இருக்கும், ஆட்டம் தொடங்குவதற்கு எத்தனை மணி நேரம் முன்பு அவை உங்கள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்படும் என்பது. சாவி பற்றி மீண்டும் வருகிறேன். தைப்பூசத்தையொட்டிய நாட்களில் ஜார்ஜ்டவுனில் சாலைகள் மூடப்படும். உங்கள் ஆதரவாளர்களில் பாதிப்பேர் தண்ணீர்மலைக் கோயிலில்தான் இருப்பார்கள். அந்த வாரத்தில் சொந்தத் திடல் ஆட்டம் வேண்டாம் என்று லீக் அட்டவணை தயாராகும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இனி விளக்கு. இது எல்லாரும் கவனக்குறைவாக இருக்கும் இடம் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டு மின்கட்டணம் பெரும்பாலும் பயன்படுத்திய யூனிட்டைப் பொறுத்தே வருகிறது. நடுத்தர மின்னழுத்தத்தில் இணைப்புப் பெற்ற ஓர் அரங்கத்துக்கு அப்படியன்று. பயன்படுத்திய மின்சாரத்துக்கு ஒரு கட்டணம், அந்த மாதத்தில் ஏதாவது ஓர் அரைமணி நேரத்தில் எட்டப்பட்ட உச்சத் தேவைக்கு வேறொரு கட்டணம். நான்கு கம்பங்களில் மொத்தம் 240 விளக்குகள், ஒவ்வொன்றும் இரண்டு கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், அனைத்தையும் ஏற்றியதும் தேவை 480 கிலோவாட். மின்வாரியமான தெனாகா நேஷனலின் முந்தைய வணிகக் கட்டண முறையில் உச்சத் தேவைக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் வசூலிக்கப்பட்டது. அப்படியானால் ஒரு மாதத்தில் ஒரே ஓர் இரவு, அதுவும் அரைமணி நேரம் மட்டும் எல்லா விளக்குகளையும் ஏற்றினாலும் 14,400 ரிங்கிட்டுக்குக் குறையாமல் பில் வந்துவிடும். அதே மாதத்தில் நான்கு இரவுகள் ஏற்றினாலும் இந்தப் பகுதி ஏறாது. 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் கட்டண அமைப்பு மாற்றப்பட்டு, கொள்ளளவுக் கட்டணம், வலையமைப்புக் கட்டணம் என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் உச்சத்துக்கு விலை உண்டு என்ற அடிப்படை மாறவில்லை. ஆகவே இரவு ஆட்டங்களை முடிந்தவரை ஒரே மாதத்துக்குள் சேர்த்து அமையுங்கள். ஆட்டமே இல்லாத மாதத்தில் “விளக்கைச் சோதித்துப் பார்ப்போம்” என்று முழுவதையும் ஏற்றாதீர்கள். பயிற்சிக்குப் பாதி விளக்கே போதும். மன்றம் இந்தக் கட்டணத்தை உங்கள்மேல் எப்படிப் பிரித்துப் போடுகிறது, ஓர் இரவுக்கு இவ்வளவு என்றா, பில்லில் வந்தபடியா என்பதையும் கையெழுத்திடும் முன் கேளுங்கள். இரவு ஆட்டங்கள் மிகக் குறைவு என்றால், வாடகை ஜெனரேட்டர் மலிவாகவும் அமையலாம். இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் எளிதான மாற்று ஒன்று உண்டு. தீபகற்ப மலேசியா தன் இருப்பிடத்துக்கு உரிய நேரத்தைவிட முன்னதாக ஓடும் கடிகாரத்தை வைத்திருப்பதால், பினாங்கில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான் மறைகிறது. சனிக்கிழமை மாலை 4.45க்கு ஆட்டத்தைத் தொடங்கினால் 6.40 அளவில் முடிந்துவிடும். ஒரு விளக்கும் தேவையில்லை, மக்ரிப் தொழுகைக்கும் இடைஞ்சல் இல்லை, பேருந்தும் ஃபெரியும் ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளைகளை அழைத்து வருகிறவர் இரவு பதினொரு மணிக்குத் தூங்கும் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மோட்டார்சைக்கிளைத் தேட வேண்டியதில்லை. வெயிலும் மாலை இடிமழையும்தான் இதற்கு எதிரானவை. சனிக்கிழமை ஷிஃப்ட் வேலை பார்க்கும் தொழிற்சாலை ஊழியர்களும் வர முடியாமல் போகலாம். இருந்தாலும் முதல் பருவத்துக்கு என் தேர்வு பகல் ஆட்டமே. இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் காத்திருக்கும் வழக்கத்தைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். கூரையில்லாத பகுதியில் இருப்பவர்களை அந்த நேரத்தில் எங்கே ஒதுங்கச் சொல்வது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

டிக்கெட் வருமானம் செலவைத் தாங்குமா என்ற கேள்விக்கு நேரான பதில், தாங்காது. ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள்; தொகைகள் என் அனுமானம், உங்கள் தொகைகளை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளலாம். 600 பேர் வருகிறார்கள். சிறுவர், ஆட்டக்காரர் குடும்பம், விருந்தினர் போக 450 பேர் ஆளுக்கு 10 ரிங்கிட் கொடுக்கிறார்கள். ஓர் ஆட்டத்துக்கு 4,500 ரிங்கிட். பருவத்தில் சொந்தத் திடலில் பதினோர் ஆட்டங்கள் என்றால் 49,500 ரிங்கிட். மறுபக்கம், 22 ஆட்டக்காரர்களுக்குத் தேசியக் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வீதம் கொடுத்தாலே மாதம் 37,400. அதன்மேல் முதலாளியின் பங்காக ஊழியர் சேமநிதிக்கு 13 விழுக்காடு, அதாவது 4,862 ரிங்கிட். சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவைச் சேர்க்காமலே 42,262 ஆகிறது. ஒரு பருவம் முழுவதும் வாசலில் திரட்டிய பணம், ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து முடிக்கும்போது ஏறத்தாழக் காலியாகிவிடுகிறது. அதிலும் வாடகை, நடுவர், ஆம்புலன்ஸ், காவல் எதையும் நான் கழிக்கவில்லை.

இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. இந்த நாட்டில் கழகங்கள் எப்படி மறைந்தன என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். நம் சமூகத்துக்கு நெருக்கமான உதாரணம் மிஸ்க்-மிஃபா: மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் உருவாகி, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்கில் ஆடிய குழு, 2022 பருவம் முடிந்ததும் விலகிக்கொண்டது. ஃபெல்டா யுனைடெட் அதற்கு முன்பே போய்விட்டது. மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் 2023 பருவத்துக்கான உரிமம் கிடைக்காமல் வெளியேறின. இவற்றுக்கெல்லாம் ரசிகர்கள் இருந்தார்கள், அரங்கங்களும் இருந்தன. இன்னும் பின்னோக்கிப் போனால், ஒரு காலத்தில் நம் லீக்கின் பெயரிலேயே டன்ஹில் இருந்தது. 2004க்குப் பிறகு புகையிலைப் பணம் போனதும், அதுவரை சங்கங்கள் எதன்மேல் நின்றுகொண்டிருந்தன என்பது தெரியவந்தது. ஒரே ஒரு பெரிய கொடையாளரை நம்பி ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தம் எழுதுவது நம் சங்கங்களின் பழைய நோய்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது, முதல் பருவத்தில் முழுநேரச் சம்பளத்தைத் தவிர்ப்பது. வேலைக்குப் போய்க்கொண்டே ஆடும் இளைஞர்களுக்கு ஆட்ட ஊதியமும் பயணப்படியும் தரலாம். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் செய்து சம்பளம் என்று கொடுத்தால் சேமநிதியும் சொக்சோவும் கட்டாயம், பணம் மறுமாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும். எந்த முறையில் கொடுத்தால் எந்தக் கடமை வரும் என்பதை ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். நான் அறிந்த ஒரு குழுவில், ஆட்டக்காரர் சம்பளத்திலிருந்து பிடித்த 11 விழுக்காட்டையே நிர்வாகம் பேருந்து வாடகைக்குச் செலவழித்துவிட்டு, அடுத்த மாதம் கட்டிவிடலாம் என்று நினைத்தது. அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. பிடித்த பணம் கழகத்தின் பணம் அல்ல. அதற்குத் தனி வங்கிக் கணக்கு வைத்தால் அந்த ஆசையே வராது.

வாசல் வருமானம் குறைவு என்பதற்காக அதை அலட்சியப்படுத்தவும் கூடாது. 450 பேர் உண்மையிலேயே பணம் கொடுத்து வந்தார்கள் என்று எண்ணிக்காட்ட முடிந்த கழகத்தை, பட்டர்வொர்த்தில் டயர் கடை வைத்திருக்கிற உரிமையாளரும் நம்புவார், சேமிப்புக் கூட்டுறவுச் சங்கமும் நம்பும். “ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள்” என்ற பேச்சை யாரும் நம்புவதில்லை. ஆகவே டிக்கெட்டில் வரிசை எண் இருக்க வேண்டும்; இலவச டிக்கெட்டுக்கு வேறு நிறமும் வேறு வரிசையும் வேண்டும்; ஒவ்வொரு கதவிலும் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் இருவர் கையெழுத்திட்டு எழுத வேண்டும். கைப்பேசியில் பணம் செலுத்த டியூட்நவ் கியூஆர் வைத்தால் கைப்பணம் குறையும், கணக்கும் தானாக நிற்கும். அதற்காக ரொக்கத்தை முற்றாக மறுத்துவிடாதீர்கள். தோட்டக் காலத்திலிருந்து காற்பந்து பார்த்து வருகிற பெரியவர் கைப்பேசியில் டிக்கெட் வாங்கத் தெரியாமல் வாசலோடு திரும்பிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் பேரனோடு வந்திருந்தார், அந்தப் பையனும் அதற்குப் பிறகு வரவில்லை. கேளிக்கை வரி 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாநில அரசின் கையில் உள்ளது. கோலாலம்பூரில் ஒரு கழகத்துக்குக் கிடைத்த சலுகை பினாங்கில் உங்களுக்குத் தானாகப் பொருந்தும் என்று எண்ணி விலை அச்சிட்டுவிடாதீர்கள்.

கடைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விற்பனையில் பங்கு கேட்காமல், ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று குறைந்த நிலையான வாடகை வாங்குங்கள்; சிறு வியாபாரியின் கல்லாவை எண்ணிக்கொண்டிருக்க உங்களுக்கு ஆள் இல்லை. கச்சாங் பூத்தே (கடலை, பயறு நொறுக்கு) விற்பவர் ஒருவராவது இருக்கட்டும். அது கணக்குக்காக அல்ல, எனக்குப் பிடிக்கும் என்பதற்காக.

நன்கொடை தருகிற நிறுவனங்களுக்கு ஒன்றைச் சொல்லலாம். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(11பி) பிரிவின்படி, ஒப்புதல் பெற்ற விளையாட்டு நடவடிக்கைக்கோ விளையாட்டு அமைப்புக்கோ தரும் பணத்துக்கு, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு என்ற வரம்புக்குள் வரிக்கழிவு உண்டு. ஒப்புதல் இல்லாமல் ரசீது கொடுத்தால் பயனில்லை. முதலில் 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு ஆணையரிடம் கழகம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். திடலில் ஆடும் எத்தனையோ கழகங்கள் பனியனும் முத்திரையும் மட்டும் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டியிருக்கின்றன.

இன்னொரு வருமானம், கிடைத்தால் அதிர்ஷ்டம் என்ற வகையைச் சேர்ந்தது. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் ஒப்பந்தக் காலத்தில் கட்டணம் பெற்று வேறு நாட்டுக் கழகத்துக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 விழுக்காடு, அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. 12 முதல் 15 வயது வரையிலான பருவம் ஒவ்வொன்றுக்கும் அந்த ஐந்து விழுக்காட்டுத் தொகையில் 5 விழுக்காடு. 16 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் 10 விழுக்காடு. உங்கள் பையன் ஒருவன் 16 வயதிலிருந்து மூன்று பருவங்கள் உங்களிடம் ஆடிவிட்டுப் போய், என்றாவது 5 லட்சம் ரிங்கிட்டுக்கு வெளிநாட்டுக்கு மாறினால், உங்கள் பங்கு 7,500 ரிங்கிட். மலேசியக் கழகங்களுக்கிடையே நடக்கும் மாற்றத்தில் உங்களுக்கு இது கிடைக்காது. இதைப் பெற ஒரே வழி, பிள்ளைகளைக் காற்பந்துச் சங்கத்தில் முறையாகப் பதிவு செய்து, பதிவு நாள், பருவம் எல்லாவற்றையும் பாதுகாப்பது. ஒரு கோப்பு, ஓர் அலமாரி, செலவு அவ்வளவுதான்.

இப்போது கதவுகளுக்கு வருகிறேன். ஒரு நுழைவுக் கதவைத் திறந்தால் டிக்கெட் பார்க்க இருவர், பை பார்க்க ஒருவர், ஒழுங்குபடுத்த ஒருவர், அவசரத்துக்கு ஒருவர் என ஐவர் வேண்டும். ஆளுக்கு 80 ரிங்கிட் என்று வைத்தால் ஒரு கதவுக்கு 400. 10 ரிங்கிட் டிக்கெட்டில் முதல் 40 பேரின் பணம் அந்தக் கதவுக்கே போய்விடுகிறது. ஆகவே நுழைவுக் கதவுகளைக் குறைப்பது நியாயமான சிக்கனம். எவ்வளவு குறைக்கலாம்? விளையாட்டரங்கப் பாதுகாப்புக்காகப் பிரிட்டனில் வெளியிடப்படும், கிரீன் கைடு என்று அழைக்கப்படும் கையேடு, ஒரு சுழல் கதவின் வழியாக மணிக்கு 660 பேருக்கு மேல் போக முடியாது என்று கணக்கிடுகிறது, நிமிடத்துக்குப் பதினொருவர். டிக்கெட்டைக் கிழித்து, பையைத் திறந்து பார்க்கும் நம் கதவில் அதில் பாதி போனாலே பெரிது. நம் மக்கள் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்புதான் வருவார்கள் என்பதையும் சேருங்கள். 600 பேரில் 400 பேர் கடைசி அரைமணியில் வந்தால் நிமிடத்துக்குப் பதின்மூன்று பேர். மூன்று வரிசைகள் வேண்டும். மூன்று கதவுகள் அல்ல, ஒரே அகன்ற கதவில் மூன்று வரிசைகள் இருந்தாலும் போதும், ஆள் செலவும் குறையும்.

ஆனால் நுழைவுக்காக மூடிய கதவை வெளியேறும் வழியாகவும் மூடிவிடுகிற இடத்தில்தான் சிக்கனம் கொலையாகிறது. 1985ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில், மூன்றாம் டிவிஷன் பட்டத்தை வென்ற மகிழ்ச்சியைக் கொண்டாடிக்கொண்டிருந்த ஒரு சிறிய கழகத்தின் மரத்தாலான ஸ்டாண்டில் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். ஸ்டாண்டின் அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த குப்பை எரிந்தது. பின்பக்கமாக ஓடியவர்கள் பூட்டிய கதவுகளிடம் போய்ச் சிக்கினார்கள். திடலுக்கும் ஸ்டாண்டுக்கும் இடையே உயரமான வேலி இல்லாததால் முன்பக்கம் குதித்தவர்கள் பிழைத்தார்கள். நமக்கு அருகில், 2022ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி கிழக்கு ஜாவாவின் கஞ்சுருஹான் அரங்கில், ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகள் தடைசெய்யும் கண்ணீர்ப்புகை ஸ்டாண்டுகளை நோக்கி வீசப்பட்டபோது, மக்கள் ஒரே நேரத்தில் குறுகிய வாசல்களுக்கு ஓடி நெரிசலில் 135 பேர் மடிந்தார்கள். ஒன்று தீ, மற்றொன்று புகை. இரண்டிலும் உயிர்களைக் குடித்தது வெளியேற முடியாத வாசல்.

கிரீன் கைடின் இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேரும், படிக்கட்டில் 66 பேரும் போகலாம்; இயல்பான நிலையில் எட்டு நிமிடத்துக்குள் எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். 1.2 மீட்டர் அகலமுள்ள படிக்கட்டு வாசல் ஒன்றின் வழியே எட்டு நிமிடத்தில் ஏறத்தாழ 630 பேர் போகலாம். உங்கள் 600 பேருக்கு ஒரே வாசல் போதும் என்று இதைப் படித்துவிடக் கூடாது. எந்த வாசலும் ஏதோ ஒரு காரணத்தால் அடைபடலாம் என்று எண்ணி, ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். ஆகவே நீங்கள் பயன்படுத்தும் ஸ்டாண்டில் உள்ள எல்லா வெளியேறும் கதவுகளும், நுழைவுக்குப் பயன்படாதவையும்கூட, ஆட்டம் தொடங்கிய நேரத்திலிருந்து கடைசி ஆள் போகும்வரை பூட்டின்றி இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒருவர் நிற்க வேண்டும். டிக்கெட் இல்லாதவர் அவ்வழியே நுழைந்துவிடுவார் என்ற பயத்தால்தான் பூட்டு வருகிறது. பத்துப்பேர் இலவசமாக நுழைந்தால் நட்டம் 100 ரிங்கிட்.

ஒருமுறை, வாடகைக்கு எடுத்திருந்த ஓர் அரங்கில், ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது சுற்றிவந்து பார்த்தேன். பின்பக்கக் கதவு ஒன்றில் துருப்பிடித்த பூட்டு. பராமரிப்பாளர் சாவியோடு தே தாரிக் குடிக்கப் போயிருந்தார், கைப்பேசியை எடுக்கவில்லை. நான் ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொன்னேன், நிர்வாகம் மறுத்தது, கடைசியில் பக்கத்துப் பட்டறையிலிருந்து இரும்பு வெட்டும் கருவி கொண்டுவந்து பூட்டை அறுத்தோம். பூட்டின் விலையை எங்கள் வைப்புத்தொகையில் கழித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து என் பட்டியலின் முதல் வரி சாவியாகத்தான் இருந்தது.

அரசின் தன்னார்வக் காவல் படையான ரேலாவின் உறுப்பினர்களையும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டூழியர்களையும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். போலீஸ் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் தகவல் தர வேண்டியது சொல்லாமலே தெரியும். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் விருந்தினர் கார் நிற்காமல் பார்த்துக்கொள்வதே அன்றைய கடினமான வேலை. டத்தோ ஒருவரின் ஓட்டுநரிடம் காரை நகர்த்தச் சொல்லும் துணிச்சலுள்ள ஒருவரை அங்கே நிறுத்துங்கள்.

சக்கர நாற்காலி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் பொது வசதிகளையும் விளையாட்டு, பொழுதுபோக்கு இடங்களையும் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது, எம்.எஸ். 1184 என்ற தரநிலை சாய்தளம், கழிவறை, கதவகலம் ஆகியவற்றுக்கு அளவு சொல்கிறது. பழைய அரங்கங்களில் இவை முழுமையாக இராது. அதற்காகக் கை விரிக்க வேண்டியதில்லை. திடல் ஓரத்தில் ஓடுபாதைக்கு வெளியே, சமதளத்தில் ஓர் இடம் ஒதுக்கி, பலகையும் கூடாரமும் போட்டால் போதும். பலகை வைத்துச் சாய்தளம் அமைத்தால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது. ஆனால் நான்கு தவறுகள் எங்கும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. கோல் விழும்போது முன்வரிசை எழுந்து நிற்க, நாற்காலியில் இருப்பவருக்கு முதுகுகள் மட்டும் தெரிகின்றன. துணைக்கு வந்தவரை வேறு ஸ்டாண்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மாற்றுத் திறனாளிகளுக்கான வாகன நிறுத்தத்தில் மோட்டார்சைக்கிள்கள் அடுக்கப்படுகின்றன. கழிவறை, உள்ளே துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாக மாறி, பூட்டியிருக்கிறது. எங்கள் கோல்கீப்பர் ஒருவரின் தந்தை பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வந்துகொண்டிருந்தார். இரண்டு ஆட்டங்கள் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். மகனிடம் கேட்டபோது, “அப்பா காலையிலிருந்து தண்ணி குடிக்காம வர்றாரு அங்கிள், டாய்லெட் போக முடியாதுன்னு” என்றான். அதற்குப் பிறகுதான் அந்தச் சாவியும் என் பட்டியலில் சேர்ந்தது.

மற்றவை சிறியவை. தமிழிலும் மலாயிலும் வழிகாட்டிப் பலகை எழுதுங்கள். பெண்கள் கழிவறையில் விளக்கு எரிகிறதா என்று ஒரு பெண்ணையே பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஸ்டாண்டின் அடியில் உள்ள அட்டை, காகிதம், எண்ணெய்த்தாள் எல்லாவற்றையும் அன்றிரவே கூட்டி எடுக்கச் செய்யுங்கள். பிராட்ஃபோர்டில் எரிந்தது அதுதான்.

அரங்கத்தைப் பார்க்கப் போகும் நாளில், தம்பி, வாடகைப் படிவத்தைக் கையில் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சுற்றுச்சுவரை ஒட்டி ஒருமுறை முழுதாக நடந்துவாருங்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண் கொடுங்கள். அகலத்தை நாடா வைத்து அளந்து எழுதுங்கள். எந்தப் பக்கம் திறக்கிறது, படியா சமதளமா, பூட்டு உண்டா, சாவி யாரிடம் என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பினால், எந்த ஸ்டாண்டை எடுக்கலாம், எத்தனை ஆள் வேண்டும், ஓர் ஆட்டத்துக்கு என்ன செலவாகும் என்று என்னால் ஏறத்தாழச் சொல்லிவிட முடியும்.